படலைக்கு வெளியே நாயைக் கொண்டுபோக: யாழ்ப்பாணத்தில் புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு

ஒரு சனிக்கிழமை காலை. மீன்காரர் ஒழுங்கைக்குள் கோன் அடித்துக்கொண்டு வந்தார். அம்மா சட்டியோடு போய்ப் படலையைத் திறந்தார். அந்த இடைவெளியால் எங்கள் நாய் ரைகர் பாய்ந்துவிட்டான். ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் சைக்கிளுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு ஓடினான். பிள்ளை பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிறவலில் விழுந்தாள். விழுந்தவளிடம் போய் விளையாட்டாக வாயை வைத்தான். முன்கையில் இரண்டு பல்லுக் கீறல்.

ஓடிப்போன நான் சொன்ன முதல் வசனம்: “பயப்பிடாதேங்கோ தங்கச்சி, அவன் ஒண்டும் செய்யமாட்டான்.” பிள்ளையின் கையில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, நான் இதைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பிள்ளையின் தாய் கத்தவில்லை. “ஊசி போட்டதோ தம்பி? கார்ட் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கார்ட்டைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சுவரில் தொங்கிய பழைய கலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. அதில் ஒரேயொரு ஊசி பதிந்திருந்தது, அதுவும் பதினாறு மாதத்துக்கு முந்தியது. பிள்ளைக்கு முழுத் தடுப்பூசியும் போட வேண்டி வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போனது நான்தான்.

அதற்குப் பிறகு நாய்ப் பதிவுக்காக மூன்று தரம் அலைந்தேன், கயிறு இரண்டு தரம் மாற்றினேன், ரைகரைக் கயிற்றில் நடக்கப் பழக்க ஒரு மாதம் மினக்கெட்டேன். நீங்கள் இவ்வளவும் படத் தேவையில்லை. நான் கடைசியில் கண்டுபிடித்த ஒழுங்கில் கீழே எழுதியிருக்கிறேன். ஊர்நாயோ வெளிநாட்டு இனமோ, நடைமுறை ஒன்றுதான்.

1. முதலில் ஊசியும் கார்ட்டும்

கயிறு வாங்கக் கடைக்குப் போக முதல் விசர்நாய்த் தடுப்பூசியை முடியுங்கள். ஏனென்றால் கயிறு எப்போதோ ஒருநாள் கையை விட்டு நழுவும். அன்றைக்கு உங்களையும் அடுத்த வீட்டாரையும் காப்பாற்றப் போவது அந்தக் கார்ட்.

ஊசி போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பொதுச் சுகாதாரப் பகுதியினர் ஊர் ஊராக வந்து போடும் இலவச ஊசி. எங்கே, எப்போது என்பதை உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிராம சேவகரிடமோ கேட்கலாம். சனசமூக நிலையத்திலோ கோயில் வாசலிலோ வைத்துப் போடுவார்கள். இரண்டாவது, மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ப் போடுவது. அரச கால்நடை வைத்தியர் அலுவலகங்களும் இருக்கின்றன, தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. தனியாரிடம் போனால் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் போன்ற நாய்க்கு வரும் நோய்களுக்கான கூட்டு ஊசியையும் அங்கேயே போடலாம். அதற்குக் காசு தனி. இலவச முகாமில் கிடைப்பது விசர்நாய் ஊசி மட்டும்தான்.

குட்டிக்கு முதல் ஊசி எந்த வயதில், அடுத்தது எப்போது என்பதை வைத்தியர் குட்டியைப் பார்த்துச் சொல்வார். நீங்கள் மறக்கக்கூடாதது, முதல் ஊசியோடு வேலை முடிவதில்லை என்பது. சொன்ன நாளில் மீள் ஊசி, அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று நான்கு கிழமையாவது எடுக்கும். அதுவரை குட்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கடி நடந்தால் நாய்க்கு ஒரு ஊசி போட்டிருப்பது போதாது. வருடம் தவறாமல் குறைந்தது இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும், கடைசி ஊசி ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும், நாயும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். அப்படியிருந்து, அதை எழுத்தில் காட்டவும் முடிந்தால்தான், கடிபட்டவருக்கு ஊசியைத் தள்ளிவைத்து நாயைக் கவனிக்கலாமா என்று வைத்தியர் யோசிப்பார். எழுத்தில் இல்லாவிட்டால், போட்டதும் போடாததும் ஒன்றுதான். “போன வருசம் முகாமிலை போட்டது டொக்டர்” என்ற வாய்ச்சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது.

ஆகவே ஊசி போட்டவுடன் அந்த இடத்திலேயே கார்ட்டைப் பாருங்கள். திகதி, ஊசியின் பெயர், போட்டவரின் கையொப்பம், நாயின் நிறமும் வயதும், உங்கள் பெயரும் விலாசமும். முகாமில் சனம் முண்டியடிக்கும்போது இவற்றில் ஏதாவது விடுபடுவது வழமை. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் திரும்பப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கார்ட்டை போனில் போட்டோ எடுத்து வையுங்கள், வீட்டில் இன்னொருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

2. எந்தச் சபை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நாய் வளர்ப்பவர் அதைத் தன் உள்ளூராட்சிச் சபையில் ஆண்டுதோறும் பதிய வேண்டும் என்பது இலங்கையில் பழைய சட்டம். 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் என்று பெயர். ஊசி விடயத்துக்கு 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம். இதைவிட, தன் பொறுப்பில் இருக்கும் மிருகத்தால் ஆட்களுக்கு ஆபத்து வராமல் கவனிக்காது விடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படியும் குற்றம். “எங்கட ஒழுங்கைதானே” என்பது இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒழுங்கையும் பொது இடம்தான்.

நான் முதல் தரம் போனது பிழையான சபைக்கு. அரை நாள் போனது. யாழ்ப்பாணத்தில் இது மிகச் சுலபமாக நடக்கும். நல்லூர்க் கோயிலடியில் இருப்பவர் யாழ். மாநகர சபைக்குள் வருவார். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் போனால் நல்லூர் பிரதேச சபை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்றுக்கும் நகர சபை இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும் எல்லா ஊரும் நகர சபைக்குள் வராது. சந்தேகமிருந்தால் வீட்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். எந்தச் சபை அதைத் தந்ததோ, அங்கேதான் நாய்ப் பதிவும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்கும்போதே நாய் வளர்க்கச் சம்மதமா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை:

உங்கள் அடையாள அட்டையும் அதன் போட்டோக்கொப்பியும். விலாசத்தைக் காட்ட கரண்ட் பில் அல்லது தண்ணீர் பில், அட்டையில் பழைய ஊர் விலாசம் இருந்தால் கிராம சேவகரின் கடிதம். ஊசிக் கார்ட், மூலப்பிரதியும் கொப்பியும். நாயின் போட்டோ இரண்டு, ஒன்று முகம், மற்றது பக்கவாட்டில் முழு உடம்பு. போட்டோ எல்லா இடத்திலும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் கொண்டுபோங்கள். நாயைக் கொண்டுபோகத் தேவையில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஓட்டோவில் கொண்டுவந்திருந்தார், அது வாசலில் படுத்திருந்த கட்டாக்காலி நாயோடு சண்டை பிடித்து வரிசையையே கலைத்துவிட்டது.

இரண்டாம் தரம் நான் போனபோது கார்ட்டில் கையொப்பம் இல்லை என்று திருப்பினார்கள். மூன்றாம் தரம் போனபோது பொறுப்பான உத்தியோகத்தர் வெளிக்களத்தில். போக முதல் போன் எடுத்து, அவர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு நில்லுங்கள், பதினொன்றுக்குப் பிறகு போனால் மத்தியானச் சாப்பாடு, பிறகு கூட்டம் என்று இழுபடும். கட்டணத்தைச் சபைதான் முடிவு செய்கிறது, வருடத்துக்கு வருடம் மாறலாம், பெரிய தொகை வராது. பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதிவு இலக்கம் தந்தால் நாயின் கழுத்துப் பட்டியில் மாட்டுங்கள்.

3. கயிறு வாங்குதல்

நான் முதலில் வாங்கியது இரும்புச் சங்கிலி. எங்கள் ஊரில் நாய்க்குக் கட்டுவதென்றால் சங்கிலிதான் கண்ணுக்கு வரும். வளவில் சிறிது நேரம் கட்டிவைக்க அது சரி. கையில் பிடித்து நடக்க அது சரிவராது. நாய் திடீரென்று இழுத்தால் உள்ளங்கைத் தோல் உரியும், வெயிலில் சூடேறும். இரண்டாவதாக வாங்கியது இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு. பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் ரைகர் ஒரு பூனையைக் கண்டு பதினைந்து அடி தூரம் போய் ரோட்டின் நடுவில் நின்றபோதுதான், அது கயிறு கட்டாததற்குச் சமன் என்று விளங்கியது. மினிபஸ் ஓடும் ரோட்டில் அதைக் கொண்டு போகாதீர்கள்.

வாங்க வேண்டியது நான்கு முதல் ஆறு அடி நீளமான, தட்டையான நைலோன் கயிறு. கைபிடியில் தையல் இரட்டையாக இருக்க வேண்டும். கொக்கிதான் முக்கியம். மெல்லிய தகரக் கொக்கி மூன்று மாதத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் திறந்துகொள்ளும், பண்ணைப் பக்கமோ கரையோரமோ இருப்பவர்களுக்கு இன்னும் கெதியாக. கடையிலேயே கொக்கியைப் பலமாக இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் உங்கள் இரண்டு விரல் போக வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் நாய் பின்னுக்கு இழுத்துத் தலையைக் கழற்றிவிடும். ஊர்நாய்களுக்குத் தலை ஒடுங்கியது, அவை இந்த வித்தையை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அப்படிக் கழற்றும் நாய்க்கு நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டி வாங்குங்கள், கடையில் ஹாணஸ் என்று கேட்டால் தருவார்கள். இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சங்கிலியை வாங்கவே வேண்டாம்.

பட்டியில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். தகடு அடிக்க வசதி இல்லையென்றால், அழியாத பேனையால் பட்டியின் உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை மை மங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. வளவுக்குள்ளேயே இரண்டு கிழமை

வாங்கிய அன்றே ரோட்டுக்குப் போகாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் வெறும் பட்டியோடு விடுங்கள். சொறியும், உருளும், பிறகு மறந்துவிடும். அடுத்து கயிற்றைக் கொழுவி, பிடிக்காமல், வளவுக்குள் இழுபட விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கிணற்றுக்கட்டிலோ வாழையிலோ சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கையில் பிடித்து நடப்பது.

நடக்கும்போது இழுத்தால் நீங்கள் இழுக்க வேண்டாம், மரம் மாதிரி நில்லுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். தளர்வாக நடக்கும்போது ஒரு துண்டு மாரி பிஸ்கட்டோ அவித்த மீனின் துணுக்கோ கொடுங்கள். முதல் நாள் கிணற்றடியிலிருந்து படலைவரை போக எங்களுக்கு இருபது நிமிடம் எடுத்தது. பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, நாயோடை தேர் இழுக்கிறியளோ?” என்றார். இரண்டாம் கிழமையில் அதே தூரம் அரை நிமிடம்.

கயிற்றின் கைபிடிக்குள் கையை விட்டு, வளையம் மணிக்கட்டில் இருக்க, மிச்சத்தை உள்ளங்கையில் பிடியுங்கள். விரல்களைச் சுற்றிச் சுற்றி இறுக்கக் கூடாது, நாய் பாய்ந்தால் விரல் முறியும். சைக்கிள் கைபிடியில் கட்டி ஓட்டிக்கொண்டு போவதைக் காலையில் அடிக்கடி காண்கிறேன். நாய் ஒரு பக்கம் இழுத்தால் ஆளும் சைக்கிளும் ரோட்டில். மோட்டார் சைக்கிளில் இருந்து பிடித்துக்கொண்டு ஓட்டுவதைப் பற்றி எழுதவே விருப்பமில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் கயிற்றைக் கொடுத்து “ஒரு ரவுண்ட் போட்டு வா” என்று அனுப்பாதீர்கள். நாய் இழுத்தால் நிறுத்தக்கூடிய ஆள்தான் பிடிக்க வேண்டும்.

5. படலை

எங்கள் வீட்டில் நடந்தது படலையில்தான். உங்கள் வீட்டிலும் அநேகமாக அங்கேதான் நடக்கும். மீன்காரர், பேப்பர்காரர், மின்கட்டண மீற்றர் பார்க்க வருபவர், சீட்டுக்காசு வாங்க வரும் மாமி என்று ஒரு நாளைக்குப் படலை எத்தனை தரம் திறபடுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

நான் செய்தவை இவ்வளவுதான். படலைக்குக் கீழே இருந்த இடைவெளியைச் சீமெந்துக் கல் இரண்டு வைத்து அடைத்தேன். வேலியில் நாய் கண்டுபிடித்த பொட்டுகளைத் தகரத்தால் மறைத்தேன். படலை தானாகச் சாத்த ஒரு ஸ்பிரிங் போட்டேன். மீன்காரர் வரும் ஏழரைக்கு ரைகரைப் பின்வளவில் கட்டுகிறேன். வெளியே “நாய் உண்டு, கூப்பிட்டு வரவும்” என்று ஒரு பலகை. “கடிநாய் கவனம்” என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கடிக்கும் என்று தெரிந்தும் அடைக்காமல் வைத்திருந்தீர்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால், அந்தப் பலகையே உங்களுக்கு எதிரான சாட்சி.

6. எந்த நேரம், எந்த இடம்

பங்குனியிலிருந்து புரட்டாதி வரை எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியும். காலை ஆறரைக்குள் அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து ஏழு விநாடி வையுங்கள், வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. ஆனால் காலை ஆறு மணிக்கே ரியூசன் சைக்கிள்கள் தொடங்கிவிடும். சைக்கிள் கூட்டம் வருவது கண்டால் ஓரமாக நின்று, கயிற்றைச் சுருக்கி, நாயை உங்கள் உடம்புக்கும் மதிலுக்கும் நடுவில் வையுங்கள். அவர்கள் போன பிறகு நடங்கள். எல்லாமாகப் பத்து விநாடி வேலை.

பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் சனம் கூடும். பிள்ளைகள் கையில் கடலையும் ஐஸ்கிறீமும் இருக்கும், அது உங்கள் நாயின் மூக்குக்கு நேர் உயரம். காலையில் போங்கள். தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்து ரோட்டில் நடத்த வேண்டாம், காற்றும் வேகமான வாகனமும் சேர்ந்தால் பழகிய நாயே மிரளும். கோட்டையைச் சுற்றிய வெளியும் முற்றவெளியும் விசாலமானவை, அதனாலேயே கயிற்றைக் கழற்ற ஆசை வரும். அங்கே மாடும் மேயும், கட்டாக்காலிகளும் படுத்திருக்கும், பெடியள் கிரிக்கெட்டும் ஆடுவார்கள். கழற்றாதீர்கள். காரைநகர் கசூரினாவில் தண்ணீர் ஆழமில்லை, குடும்பங்கள் குளிக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை நாயோடு போகாதீர்கள், மற்ற நாளில் போனாலும் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

சந்தைக்குள் வேண்டாம். கோயில் வாசலில் வேண்டாம். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய ரோட்டுகள் மூடப்படும், பிரதட்டை செய்பவர்கள் நிலத்தில் உருண்டு வருவார்கள். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் நாயை அதிகாலையில் மறுபக்கத்து ஒழுங்கையால் நடத்தி முடித்துவிடுங்கள். வெடி கொளுத்தும் நாட்களில், தைப்பொங்கல், தீபாவளி, ஊர்க்கோயில் தீர்த்தம், நாயைக் கயிற்றில் கூட வெளியே எடுக்காமல் ஒரு அறைக்குள் விடுவது நல்லது. வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடித் தொலைந்த நாய்களின் படங்களை அந்த நாட்களில் எல்லோருடைய போனிலும் பார்க்கலாம்.

ஒரு சொப்பிங் பாக்கும் கொஞ்சம் பேப்பரும் பொக்கற்றில் இருக்கட்டும். அடுத்தவர் படலை வாசலில் கோலம் போட்ட இடத்தில் நாய் குந்தினால், கயிற்றைப் பற்றி நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

7. கட்டாக்காலிகள் வந்தால்

இது எல்லோரும் கேட்பது. “என்ரை நாய் கயிற்றிலை நிக்கும், ரோட்டு நாய் வந்து கடிச்சா?” நியாயமான பயம். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவற்றுக்கு எல்லை இருக்கிறது. ஒரு கிழமை நீங்கள் மட்டும் தனியே நடந்து எந்த ஒழுங்கையில் எத்தனை நிற்கின்றன என்று பாருங்கள். குட்டி போட்ட தாய் நாய் இருக்கும் ஒழுங்கையை இரண்டு மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

எதிரே வந்தால் ஓடாதீர்கள், திரும்பி முதுகைக் காட்டாதீர்கள். நாயை உங்களுக்குப் பின்னால் எடுத்து, குனிந்து கல் எடுப்பது போலப் பாசாங்கு செய்யுங்கள். எங்கள் ஊர் நாய்களுக்கு அந்தக் குனிவு விளங்கும், பாதி அப்போதே நின்றுவிடும். ஒரு குடை கொண்டுபோவது இன்னும் நல்லது, சட்டென்று விரித்தால் தயங்கி நிற்கும். சண்டை தொடங்கிவிட்டால் வாய்க்கு நடுவில் கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது இரண்டு பேர் இரண்டு நாயினதும் பின்னங்காலைத் தூக்கிப் பின்னுக்கு இழுங்கள். பிறகு உங்கள் நாயின் காயத்தை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட நாயென்றாலும் காட்டத்தான் வேண்டும்.

8. கீறலோ கடியோ நடந்துவிட்டால்

நாயைக் கட்டுங்கள். அடிக்க வேண்டாம், அதற்கு இப்போது நேரமில்லை.

காயத்தை ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். குழாயைத் திறந்து, மணிக்கூட்டைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம். எங்கள் குழாயடியில் அந்தப் பிள்ளை ஐந்தாம் நிமிடத்தில் “காணும் அண்ணா” என்று அழுதாள். நான் விட்டிருப்பேன், தாய்தான் விடவில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். கட்டிப் போடவும் வேண்டாம்.

உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலை, அல்லது பக்கத்தில் இருக்கும் தெல்லிப்பழை, பருத்தித்துறை போன்ற ஆதார வைத்தியசாலை. விசர்நாய் ஊசி அரச வைத்தியசாலையில் இலவசம். ஒரு ஊசியோடு முடியாது, நாள் குறித்துத் தருவார்கள், ஒரு தவணையையும் விடக்கூடாது. சின்னக் கீறல், இரத்தம் வரவில்லை, நாக்குத்தான் பட்டது என்று வீட்டில் முடிவெடுக்காதீர்கள். விசர் நோயின் குறி தெரியத் தொடங்கிய பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நாய் யாருடையதென்றாலும், வெட்கத்தை விட்டு, கூடவே போங்கள். கார்ட்டைக் கொண்டுபோங்கள்.

நாயை இரண்டு கிழமை கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். கொல்லக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, தூரத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. அது உயிரோடும் சுகமாகவும் இருப்பதுதான் கடிபட்டவருக்குக் கிடைக்கும் நல்ல செய்தி. குரல் மாறுதல், எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, இருட்டில் ஒளிதல், காரணமில்லாத சீற்றம் ஏதாவது தெரிந்தால் கிட்டப் போகாமல் மிருக வைத்தியருக்கும் பி.எச்.ஐ.க்கும் உடனே சொல்லுங்கள். அந்த இடைவெளியில் நாய் செத்தால் புதைத்துவிடாதீர்கள். தலையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதற்கான நடைமுறையை பி.எச்.ஐ. சொல்வார்.

அந்த பதினான்கு நாளும் பிள்ளையின் தாய் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து “நாய் சாப்பிட்டதோ?” என்று கேட்டார். தன் நாயைப் பற்றி அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதினைந்தாம் நாள் ரைகரைக் கயிற்றோடு அவர்கள் வீட்டுப் படலைவரை கொண்டுபோய்க் காட்டினேன். பிள்ளை உள்ளே நின்றபடியே பார்த்தாள்.

9. செலவும் நாளும்

என் கணக்கு இது, உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். நைலோன் கயிறும் பட்டியும் 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. பிறகு வாங்கிய நெஞ்சுப் பட்டி தனியாக 2,000 ரூபாய். பிழையாக வாங்கிய சங்கிலிக்கும் சுருள் கயிற்றுக்கும் போனது அதைவிடக் கூட. விசர்நாய் ஊசி இலவசம். படலை ஸ்பிரிங்கும் கல்லும் தகரமும் வீட்டில் கிடந்தவை. ஓட்டோக் காசுதான் எல்லாவற்றையும் விட அதிகம், அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தது.

நாளைப் பொறுத்தவரை, ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அந்த மாதத்துக்குள்ளேயே பதிவையும் வளவுப் பழக்கத்தையும் முடித்துவிடலாம், இரண்டுக்கும் நாய் ரோட்டில் இறங்கத் தேவையில்லை. அடுத்த வருட ஊசியின் திகதியைப் புதுக் கலண்டர் வாங்கிய அன்றே வட்டமிட்டு எழுதுங்கள். கார்ட்டைக் கலண்டருக்குப் பின்னால் செருகாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது அது குளிர்சாதனப்பெட்டிக் கதவில், கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது.